எம்டன் 1:350 மாடல்: அக்ரிலிக் உரிந்து வருகிறது, எனாமலுக்கு மாறிவிடலாமா?

மயிலைக்கப்பல்:

எல்லோருக்கும் வணக்கம். ரெவெல் கம்பெனியின் 1:350 (அசலில் 350ல் ஒரு பங்கு) எம்டன் பிளாஸ்டிக் கிட் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் போர்க்கப்பல். ஐகோர்ட் மதில்சுவரில் அதற்கொரு கல்வெட்டு இருக்கிறது. அந்த வழியாகவே பள்ளிக்கூடம் போய் வந்தவன் என்பதால் இந்தக் கப்பல் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

இப்போது விஷயம். ஹல்லுக்கு (கப்பலின் உடலுக்கு) வெள்ளை, புகைபோக்கிகளுக்கு வெளிர் மஞ்சள் என்று தீர்மானித்து, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வாங்கிப் பிரஷ்ஷால் அடித்தேன். முதல் கோட்டில் பிளாஸ்டிக் தெரிந்தது. இரண்டாவது கோட் அடிக்கப் போனால் பிரஷ் பட்ட இடத்தில் கீழ்க்கோட்டும் சேர்ந்து இழுபடுகிறது, கோடு கோடாகத் தடம் விழுகிறது. எப்படியோ சமாளித்து முடித்து, நீர்க்கோட்டுக்குக் கீழே சிவப்பு அடிக்க டேப் ஒட்டினேன். டேப்பை உரித்ததும் வெள்ளை பாலாடை மாதிரி தோலாகவே எழுந்து வந்துவிட்டது.

எனாமல்தான் பிளாஸ்டிக்கை விடாமல் பிடிக்கும், அதற்கு மாறு என்கிறார் ஒரு நண்பர். காற்றால் பெயிண்ட்டைப் பீய்ச்சும் ஏர்பிரஷ் என்னிடம் இல்லை. ஃப்ளாட்டில் ஒரே அறை, ஒரு பக்கம்தான் ஜன்னல், வீட்டில் சின்னக் குழந்தை உண்டு. தெருமுனை ஹார்டுவேர் கடையில் எனாமல் சின்ன டின் மலிவாகக் கிடைக்கிறது, அது சரிப்படுமா? பண்ணியதை எல்லாம் எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கவும் தயார்.

கோவை ஆய்வகம்:

பதில் சொல்வதற்கு முன் நாலு கேள்வி. பாகங்களைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா? பிரைமர் (பெயிண்ட் பிடிக்க அடியில் அடிக்கும் பூச்சு) அடித்தீர்களா? டேப் எந்த வகை, எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது? இரண்டு கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விட்டீர்கள்?

மயிலைக்கப்பல்:

கழுவவில்லை சார். பிரைமர் இல்லை. ஹார்டுவேர் கடை பேப்பர் மாஸ்கிங் டேப், ராத்திரி ஒட்டிக் காலையில் எடுத்தேன். கோட்டுக்கு நடுவில் அரை மணி நேரம்கூட இருக்காது.

தூத்துக்குடி தூரிகை:

தம்பி, அப்படியானால் அக்ரிலிக்கைக் குறை சொல்ல வேண்டாம். இதே முறையில் எனாமல் அடித்திருந்தாலும் டேப்போடு கொஞ்சமாவது வந்திருக்கும்.

கிட்டில் வரும் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அச்சிலிருந்து பாகம் ஒட்டாமல் கழன்று வருவதற்குப் பூசும் எண்ணெயின் மிச்சம் அதன் மேல் இருக்கலாம். அதோடு கட்டும்போது நம் விரலில் உள்ள பிசுக்கும் ஏறுகிறது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பிடிப்பதில்லை, மேலே ஒரு படலமாக உட்காருகிறது, அவ்வளவுதான். அடியில் எண்ணெய், நடுவில் பிரைமர் இல்லை, மேலே கடைப் பேப்பர் டேப் ராத்திரி முழுக்க. தோலாக வராமல் என்ன செய்யும்? எனாமலில் இருக்கும் ஸ்பிரிட் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கூடுதலாகக் கவ்வும் என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு வித்தியாசம் காட்டப்போவது பிரைமர்.

முதலில் இருப்பதை எடுங்கள். மருந்துக்கடையில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கேளுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் கரைந்து வரும், பாலிஸ்டைரீனுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், முழுக்கக் காயவிடுதல். சுடுதண்ணீர் வேண்டாம், ஹல் வளைந்துவிடும்.

அடுத்தது பிரைமர். டமியாவின் ஸ்ப்ரே கேன் பிரைமரோ மிஸ்டர் சர்ஃபேசரோ எது கிடைக்கிறதோ அது. இரண்டும் லாக்கர் வகை, அதாவது கடுமையான கரைப்பான் கலந்தவை, வாடை தலையைப் பிடிக்கும். மொட்டை மாடியில், மாஸ்க் போட்டு, வெயில் உள்ள நாளில் அடியுங்கள். மழை மூட்டத்தில் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெளிறிப்போகும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

அதற்கு மேல் அக்ரிலிக். பிரஷ்தான் ஆயுதம் என்றால் வயெஹோ மாடல் கலர் வகையறா உங்களுக்குத் தோதுப்படும். டமியா அக்ரிலிக் ஏர்பிரஷ்ஷில் அருமையாக ஓடும், ஆனால் அதில் ஆல்கஹால் உண்டு. இரண்டாவது கோட்டில் இருக்கும் ஆல்கஹால் முதல் கோட்டைக் கரைக்கும் என்பதால் பிரஷ்ஷுக்கு அது சிரமம். ஒருவேளை உங்களுக்கு நடந்ததும் பாதி இதுதான். மீதிப் பாதி அவசரம். நம் ஊர் வெக்கையில் பெயிண்ட் பிரஷ் முனையிலேயே காய ஆரம்பித்துவிடும், அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ் வைத்தால் கட்டாயம் கிளறும். ஃபேனை நிறுத்துங்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு சொட்டு கலந்துகொள்ளுங்கள். பெயிண்ட்டைத் தட்டில் ஊற்றாமல், ஈர ஸ்பாஞ்சின் மேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் வையுங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரே இழுப்பு, திரும்பிப் போகக் கூடாது. முதல் கோட் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து அடுத்தது. மெல்லிசாக நாலைந்து கோட் போனால்தான் நிறம் நிற்கும்.

ஹார்டுவேர் கடை எனாமல் வேண்டவே வேண்டாம். அது கேட்டுக்கும் கிரில்லுக்கும் ஆனது. 1:350ல் ஜன்னல் விளிம்பு முடியளவுதான் இருக்கும், அந்தப் பெயிண்ட் ஒரே கோட்டில் அதை மூடிவிடும்.

வடமராட்சி லண்டன்:

தூத்துக்குடி அண்ணை சொன்னதில பெரும்பகுதி சரி, ஆனா எனாமலை இவ்வளவு லேசாத் தள்ளிவிடக் கூடாது. நான் இஞ்ச லண்டனில ஹம்ப்ரோல் டின்னோடதான் கன காலமா வேலை செய்யிறன், எல்லாம் பிரஷ்தான். பிரஷ்ஷுக்கு எனாமல் மாதிரி ஒண்டு இல்லை. ஆறுதலாக் காயிறபடியா பிரஷ் தடம் தன்பாட்டில சமப்பட்டுப் போகும். ரெண்டு கோட்டில மூடிப்போடும். அந்த 14 மில்லி டின்னைத் திறந்தவுடன தொட்டு அடிக்கிறதுதான் பிழை. நிறமெல்லாம் அடியில போய்ப் படிஞ்சு கிடக்கும், ஒரு குச்சியால அடி சுரண்டி வடிவாக் கலக்க வேணும். பிறகு கொஞ்ச வைட் ஸ்பிரிட் விட்டு ஐதாக்க வேணும்.

காயிறதுக்குத்தான் பொறுமை வேணும். தொட்டா ஒட்டாமல் வர ஆறேழு மணித்தியாலம், உள்ளுக்குள்ள இறுகக் கன நாள். மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு மணந்து பாருங்கோ. பெயிண்ட் மணம் வந்தா இன்னும் காயேல்லை, டேப் ஒட்டக் கூடாது.

ஆனா குழந்தைப் பிள்ளை இருக்கிற ஒற்றை அறை எண்டு எழுதியிருக்கிறீங்கள். அதுக்கு நானும் எனாமலைச் சொல்ல மாட்டன். காயும் வரைக்கும் மணம் அறையை விட்டுப் போகாது.

கோவை ஆய்வகம்:

மேலே இருவர் சொன்னதற்கும் அடியில் இருக்கும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே எதையும் முடிவு செய்யலாம்.

அக்ரிலிக் காய்வது ஆவியாதலால். தண்ணீரோ ஆல்கஹாலோ போனதும் பிசின் துகள்கள் நெருங்கி ஒட்டிப் படலமாகிவிடும். எனாமலில் இரண்டு கட்டம். முதலில் ஸ்பிரிட் ஆவியாகிறது, பிறகு அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. அந்த இரண்டாவது கட்டத்துக்குத்தான் நாள் கணக்கு. அதனால்தான் தடிமனாக அடித்த எனாமல் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுப்பாக நிற்கிறது.

கப்பல் மாடலில் இதனால் வரும் பெரிய விளைவு, எதன் மேல் எதை அடிக்கலாம் என்பது. காய்ந்த அக்ரிலிக் மேல் எனாமல் தாராளமாகப் போகும், எனாமலில் கலக்கும் டர்பண்டைன் (லண்டன் நண்பர் சொன்ன வைட் ஸ்பிரிட்டும் அதே வகைதான்) அக்ரிலிக்கைத் தொடாது. நன்றாக இறுகிய எனாமல் மேல் அக்ரிலிக்கும் போகும். எனாமல் மேல் லாக்கர் மட்டும் ஆகாது, சுருங்கித் தூக்கிவிடும். எனாமல் மேல் எனாமல் வாஷ் (அழுக்குக் காட்ட விடும் நீர்த்த பெயிண்ட்) விட்டால், வாஷில் உள்ள ஸ்பிரிட் அடிநிறத்தையும் துடைத்துக்கொண்டு வரும் அபாயம் உண்டு. நடுவில் அக்ரிலிக் வார்னிஷ் போட்டால்தான் பாதுகாப்பு.

எனவே அடிநிறம் அக்ரிலிக், துருவும் அழுக்கும் எனாமல் அல்லது ஆயில் கலர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே உங்களுக்கு இல்லை. வாஷுக்கு வேண்டியது சில சொட்டுதான், அந்த வாடையை ஒரு ஜன்னல் தாங்கும். குழந்தையை மட்டும் அந்த நேரம் யாராவது வெளியே கூட்டிப்போகட்டும்.

ஒரு எச்சரிக்கை. எனாமல் கலக்கக் கடையில் வெறுமனே 'தின்னர்' என்று கேட்டால் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் கொடுத்துவிடுவார்கள். அது பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். மினரல் டர்பண்டைன் என்று கேட்டு, டின்னில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பினாங்கு கரை:

பெயிண்ட் பற்றி நண்பர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் நிறத்தைப் பற்றிப் பேச வந்தேன்.

மயிலைக்கப்பல், நீங்கள் கட்டுவது சென்னையைச் சுட்ட எம்டன் என்றால் ஏன் வெள்ளை? அந்த வெள்ளை ஹல்லும் மஞ்சள் புகைபோக்கியும் சமாதான காலத்தில், சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு சீனக் கடலில் திரிந்தபோது பூசியவை. அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் 'கிழக்கின் அன்னம்' என்று பெயர் வைத்தார்கள். போருக்குப் புறப்பட்ட எம்டன் சாம்பல் நிறம். வங்காள விரிகுடாவில் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் ஓட்டியதும், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டுத் தரைதட்டியதும் சாம்பல் எம்டன்தான்.

எங்கள் ஊரான பினாங்குக்கு அக்டோபர் 28 விடியற்காலையில் வந்தபோது நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியையும் கட்டிக்கொண்டு வந்தது. உண்மையில் இருப்பது மூன்றுதான். பிரிட்டனின் யார்மவுத் கப்பலுக்கு நாலு என்பதால் அந்த வேஷம். உள்ளே நுழைந்து ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலை மூழ்கடித்தது. இந்தக் கதையெல்லாம் வெள்ளை மாடலில் வராது.

தூத்துக்குடி தூரிகை:

பினாங்கு நண்பர் பெரிய உதவி செய்திருக்கிறார். தம்பி, பிரஷ்ஷால் அடிக்க வெள்ளையைப் போலக் கடினமான நிறம் கிடையாது. மூடும் திறன் குறைவு, தடமும் தூசியும் பளிச்சென்று தெரியும். சாம்பலில் அந்தத் தொல்லை பாதியாகக் குறைந்துவிடும். சாம்பல் பிரைமர் மேல் சாம்பல் மூன்று கோட்டிலேயே நிற்கும்.

பாட்டிலில் இருக்கும் சாம்பலை அப்படியே அடிக்காதீர்கள். 118 மீட்டர் கப்பல் உங்கள் மேசையில் 34 சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது. அசல் நிறம் இந்த அளவில் கறுத்துக் காட்டும். கொஞ்சம் வெள்ளை கலந்து வெளிறவைத்தால் தூரத்தில் நிற்கும் கப்பலாகத் தெரியும்.

அழுக்குக்குத் தயங்க வேண்டாம். எம்டன் நிலக்கரிக் கப்பல். பிடித்த கப்பல்களிலிருந்து நடுக்கடலில் நிலக்கரி ஏற்றி மாதக்கணக்கில் அலைந்தது. புகைபோக்கி உச்சியில் கரி, நங்கூரத் துளைக்குக் கீழே துருக்கோடு இரண்டும் வேண்டும். பழுப்பு ஆயில் கலரைத் துளையின் கீழ் விளிம்பில் ஊசிமுனையளவு வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, டர்பண்டைனில் தொட்டுத் துடைத்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக இழுங்கள். அதிகமாகிவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். அடியில் அக்ரிலிக் இருப்பதால்தான் இந்த வசதி.

மயிலைக்கப்பல்:

சாம்பல்தான், முடிவு செய்துவிட்டேன். சென்னைக்கு வந்த கப்பலைத்தான் நான் கட்ட வேண்டும். எல்லோருக்கும் நன்றி, வேலை முடிந்ததும் வந்து சொல்கிறேன்.

மயிலைக்கப்பல்:

திரும்ப வந்திருக்கிறேன். ஆல்கஹாலில் பழசெல்லாம் வந்துவிட்டது, மூலை முடுக்கில் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருந்தது. கழுவி, மாடியில் பிரைமர் அடித்து, சிவப்பை முதலில் அடித்து, ஒரு நாள் விட்டு, டமியா மஞ்சள் டேப் ஒட்டிச் சாம்பல் அடித்தேன். பெயிண்ட் காய்ந்ததும் உடனே டேப்பை எடுத்தேன். கோடு சுத்தமாக வந்திருக்கிறது, ஒரு இடத்திலும் உரியவில்லை.

இப்போது பித்தளைக் கைப்பிடிக் கம்பிகள் தனியாக வாங்கியிருக்கிறேன். இதற்கும் அதே அக்ரிலிக்தானா?

வடமராட்சி லண்டன்:

இதுக்கு எனாமலை எடுங்கோ தம்பி. பித்தளையில தண்ணி அக்ரிலிக் வடிவாப் பிடிக்காது, கம்பியை வளைக்கேக்க வெடிச்சுக் கொட்டுண்டு போகும். எனாமல் வளைஞ்சு குடுக்கும். வினாகிரியில கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவி, மெட்டல் பிரைமர் ஒரு கை, பிறகு எனாமல் ஒரு மெல்லிய கோட், எல்லாம் கம்பிகள் சேர்ந்து வாற பித்தளைச் சட்டத்திலிருந்து வெட்ட முதலே. ஒரு சின்ன டின் போதும். ஜன்னலடியில வைச்சு அடிச்சுப்போட்டு வெளியில காய விடுங்கோ, அறைக்குள்ள மணக்காது.

கோவை ஆய்வகம்:

சாம்பலைச் சரியாகப் பொருத்த வேண்டும் என்று எனாமலில் தேடி அலைய வேண்டாம். ஏறக்குறைய ஒத்த ஒரு சாம்பல் போதும். ஒட்டி முடித்தபின் ஹல்லுக்கு அடித்த அதே அக்ரிலிக் சாம்பலை இறுகிய எனாமல் மேல் ஒரு தரம் லேசாகத் தடவிவிடுங்கள், நிறம் ஒன்றாகிவிடும். ஒட்டிய இடத்தில் தெரியும் பசைப் பளபளப்பும் அதிலேயே மறையும்.