மறு: ‘நெட்வொர்க் சன்செட்’டுக்குத் தமிழ்ச்சொல் – ‘வலையொடுக்கம்’ என் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். பழைய தலைமுறைக் கைபேசி வலையமைப்பை விலக்கிக்கொள்வதைக் குறிக்க, ‘3ஜி சன்செட்’, ‘2ஜி சன்செட்’ என்று தொலைத்தொடர்புத் துறையில் நாள்தோறும் புழங்கும் சொல்லுக்கு அலைநிறுத்தம், பணியோய்வு, தலைமுறை நிறைவு என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. செய்தித்தாள்களுக்கு இருக்கவே இருக்கிறது ‘மூடுவிழா’. ரேடியோ நெட்வொர்க் திட்டமிடுவது என் வேலை. அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது நான்கு சொற்களிலும் ஒரே குறை தெரிகிறது. நான்குமே ஒரு நாளைச் சொல்கின்றன. அன்று நள்ளிரவில் யாரோ ஒரு விசையை அணைப்பதைச் சொல்கின்றன. துறையில் சன்செட் என்பது ஆண்டுக்கணக்கில் நடக்கிற வேலை. அணைப்பது அதன் கடைசிச் சில நிமிடங்கள். நிறுவனங்கள் திணறுவது அதற்கு முந்தைய ஆண்டுகளில்தான். அந்த ஆண்டுகளுக்குப் பெயர் வைக்காத சொல்லால் நமக்குப் பயன் இல்லை என்பது என் கருத்து.

ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். டோகோமோ நிறுவனம் 2001 அக்டோபரில் 3ஜி சேவையைத் தொடங்கியது. அதை 2026 மார்ச் இறுதியோடு முடித்துக்கொள்வதாக 2019-லேயே அறிவித்துவிட்டது. ஆறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னறிவிப்பு! இதற்கு ‘நிறுத்தம்’ என்று பெயர் வைத்தால், அந்த ஆறு ஆண்டுகளும் எங்கே போயின?

அந்த ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சொல்லை நான் எடுத்த இடமும் அதுதான்.

ஒரு தொலைத்தொடர்பு வட்டத்தில் (அலைக்கற்றை உரிமம் தரப்படும் நிலப்பகுதி) 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு நிறுவனத்திடம் 10 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முழுவதிலும் 2ஜி ஓடுகிறது. 2ஜியின் ஒவ்வோர் ஊர்தி அலைக்கும் (பேச்சைச் சுமந்து செல்லும் அலை, ‘கேரியர்’) 200 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். ஆக, சுமார் 50 ஊர்தி அலைகள். இப்போது 4ஜிக்கு இடம் வேண்டும் என்று பாதியை எடுத்துவிடுகிறோம். மிஞ்சுவது 25. அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் எடுக்கிறோம். 2ஜியில் பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் ஒரே ஊர்தி அலையைப் பயன்படுத்தினால் ஒன்றின் பேச்சில் மற்றொன்று இரைச்சலாகப் புகுந்துவிடும். கைவசம் 50 இருந்தபோது தள்ளித் தள்ளிப் பங்கிட முடிந்தது. 15 மட்டும் இருக்கும்போது அதே அலை இரண்டு மூன்று கோபுரங்கள் தாண்டி மறுபடியும் தலைகாட்டும். பேச்சு உடையும், அழைப்பு அறுபடும். ஒவ்வொரு முறை பட்டையைக் குறைக்கும்போதும் அந்த வட்டாரத்தின் அதிர்வெண் திட்டத்தை முழுக்கப் புதிதாகப் போடவேண்டும். பக்கத்து மாவட்டத்தில் 4ஜி ஏற்கெனவே ஏறிவிட்டது, இங்கே இன்னும் 2ஜி என்றால், எல்லையோரக் கோபுரங்களைத் தனியாக உட்கார்ந்து சரிசெய்யவேண்டும்.

3ஜிக்கு இப்படிச் சுருங்கும் வசதி கிடையாது. அதன் ஓர் ஊர்தி அலை மொத்தமாக 5 மெகாஹெர்ட்ஸை விழுங்கும். வைத்தால் முழுதாக வைக்கவேண்டும், எடுத்தால் முழுதாக எடுக்கவேண்டும். பல நாடுகளில் மூத்த 2ஜி இருக்க இளைய 3ஜி முதலில் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏர்டெல் 2019-இல் கொல்கத்தாவில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் 3ஜியை நாடு முழுவதும் விலக்கியது, 2ஜியை வைத்துக்கொண்டது. பிரிட்டனில் 3ஜியைப் பெரும்பாலும் 2024-க்குள் எடுத்துவிட்டார்கள். 2ஜிக்கு 2033 வரை கெடு இருக்கிறது.

இதில் நிறுவனங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குரல் அழைப்புக்கு 2ஜியும் 3ஜியும் பின்னால் ஒரே இணைப்பகத்தைத்தான் (அழைப்புகளை இணைத்துவிடும் மையக் கருவி) நம்பியிருக்கின்றன. 3ஜியை மட்டும் எடுத்தால் அந்த இணைப்பகம் அப்படியே இருக்கும். அதற்கான உதிரிபாகங்கள், பராமரிப்பு ஒப்பந்தம், அதைத் தெரிந்த பொறியாளர்கள் எல்லாம் தொடர்ந்து வேண்டும். கோபுரத்திலும் இப்போது 2ஜிக்கும் 4ஜிக்கும் ஒரே ரேடியோ பெட்டிதான் பல இடங்களில். எனவே 2ஜியைக் குறைத்தவுடன் மின்கட்டணம் அதே அளவுக்குக் குறைந்துவிடாது. கடைசி வாடிக்கையாளர் போகும்வரை செலவில் பெரும்பகுதி நிற்கிறது, வருமானம் மட்டும் கரைகிறது.

அந்தக் கடைசி வாடிக்கையாளர் யார் என்ற கேள்விக்கு எல்லாரும் பட்டன் போன் வைத்திருக்கும் முதியவரைத்தான் நினைப்பார்கள். அவரைக்கூட அடையாளம் கண்டுவிடலாம். ஜியோ பாரத் போல 999 ரூபாய்க்கு வந்த 4ஜி பட்டன் போன்கள் அவருக்காகத்தான். சிக்கல் மனிதர் கையில் இல்லாத சிம்களில் இருக்கிறது.

கொங்குப் பகுதியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் தெரிந்திருக்கும். கிணற்றடி மோட்டார் அறையில், ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டிய சின்னப் பெட்டி. உள்ளே ஒரு சிம். மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வந்தாலும் விவசாயி வீட்டிலிருந்தே அந்த எண்ணுக்கு அழைப்பார். மோட்டார் ஓடத் தொடங்கும். ஒரு முனை இல்லாவிட்டால் பெட்டி அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் பாம்புக்குப் பயந்து நடக்கவேண்டிய வேலையை அந்தப் பெட்டி இல்லாமலாக்கியது. பழைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது 2ஜி மோடம், பலகையோடு பற்றவைத்தது. அது எந்தத் தலைமுறை என்று விவசாயிக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இருந்ததில்லை. நிறுவனத்தின் கணக்கில் அது மாதம் சில நொடிகள் மட்டும் பேசும் ஒரு சிம். ‘உங்கள் சேவை 4ஜிக்கு மாறுகிறது, புதிய கைபேசி வாங்குங்கள்’ என்று நிறுவனம் குறுஞ்செய்தி அனுப்பினால் அது போய்ச் சேருமிடம் அந்தப் பெட்டி. படிக்க ஆள் இல்லை. தண்ணீர் பாயாத அன்றுதான் செய்தி உரியவருக்குப் போய்ச் சேரும்.

ஆஸ்திரேலியாவில் மனிதர் கையிலிருந்த போன்களிலேயே இதைவிடக் கடுமையான ஒன்று நடந்தது. 4ஜி போன்தான், திரையில் 4ஜி என்றுதான் காட்டும். ஆனால் அவசர உதவி எண்ணான 000-ஐ அழைத்தால் மட்டும் சில மாதிரிகள் 3ஜிக்கு இறங்கித்தான் அழைக்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தன. 3ஜி போய்விட்டால் அந்தப் போனில் மற்ற எல்லாம் வேலை செய்யும், உயிர் போகும் நேரத்தில் ஆம்புலன்ஸை மட்டும் அழைக்க முடியாது. இது வெளிச்சத்துக்கு வந்ததும் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் முன்பு குறித்த தேதிகளைத் தள்ளிவைத்து, 2024 அக்டோபர் 28 அன்றுதான் அணைக்கத் தொடங்கின. அவசர எண்ணை அழைக்க முடியாத போன்களுக்கு நிறுவனங்கள் சேவையே தரக்கூடாது என்று அரசு விதி கொண்டுவந்தது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

தமிழில் ‘ஒடுங்கு’ என்று ஒரு வினை இருக்கிறது. ஊர் ஒடுங்கிய பிறகு வந்தான் என்கிறோம். அரவம் ஒடுங்கியது, மூச்சு ஒடுங்கியது என்கிறோம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவது இருக்கிறது. அறுந்து விழுவது இல்லை. அதே சொல்லுக்கு அகலம் குறைவது என்ற பொருளும் உண்டு: ஒடுக்கமான சந்து, ஒடுங்கிய கன்னம். 2ஜி பட்டை 50 ஊர்தி அலையிலிருந்து 25 ஆகி, 15 ஆகி, பிறகு இல்லாமல் போவதில் இந்த இரண்டு பொருளும் ஒருசேர நடக்கின்றன. சைவ சித்தாந்தத்தில் தோற்றம், நிலை, ஒடுக்கம் என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லும் மரபும் நமக்கு இருக்கிறது. ஒரு தொழில்நுட்பத்தின் வாழ்நாளைச் சொல்ல இந்த வரிசை அப்படியே கைகொடுக்கும்.

எனவே என் முன்மொழிவு: வலையொடுக்கம்.

வந்திருக்கும், வரக்கூடிய மறுப்புகளுக்கு:

> ‘ஒடுக்கம்’ என்றாலே ஒடுக்குமுறைதான் நினைவுக்கு வரும்.

ஒடுக்குமுறை ‘ஒடுக்கு’ என்ற பிறவினையிலிருந்து வந்தது. நான் எடுத்துக்கொள்வது ‘ஒடுங்கு’ என்ற தன்வினையின் பெயர். ஆனாலும் இந்த மறுப்பில் பாதி நியாயம் உண்டு. ‘தலைமுறை ஒடுக்கம்’ என்று வைத்தால் இளைஞர்களை யாரோ நசுக்குவதாகத்தான் படும். அதனால்தான் ‘தலைமுறை’யை விட்டுவிட்டேன்.

> வேதியியலில் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று படித்திருக்கிறோமே?

ஆம், தமிழ்நாட்டுப் பாடநூலில் அப்படித்தான். இலங்கையில் அதையே தாழ்த்தல் என்கிறார்கள். ‘வலை’ முன்னால் நிற்பதால் இரண்டும் மோத வாய்ப்பில்லை. தனியாக ‘ஒடுக்கம்’ என்று மட்டும் எழுதுவதைத் தவிர்த்தால் போதும்.

> வலையொடுக்கத்தைவிட ‘அலையொடுக்கம்’ காதுக்கு இனிமை. அலைபேசி, அலைக்கற்றை என்ற குடும்பத்தோடும் சேரும்.

இனிமையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருள் தவறிவிடும். ஒடுங்குவது வலையமைப்பு, அலை எங்கும் போவதில்லை. 2010-இல் 3ஜிக்காக 2100 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஏலம் விட்டபோது அரசுக்கு 67,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. இருபது ஆண்டு உரிமை, 2030 வரை. பத்தே ஆண்டில் அதில் 3ஜியை நிறுத்தும் நிலை வந்தது. அலைக்கற்றையும் 3ஜியோடு போயிருந்தால் அவ்வளவு பணமும் மண்ணாகியிருக்கும். அதே பட்டையில் 4ஜியை ஏற்ற முடிந்ததால்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. இவ்வளவு செலவும் தொல்லையும் தாங்கி ஒரு வலையை ஒடுங்கச் செய்வதே அதன் அலையை மீட்பதற்காகத்தான். ‘அலையொடுக்கம்’ என்றால் இந்த முழுக் காரணமும் தலைகீழாகிவிடும்.

> வலை என்றால் இப்போது இணையம் அல்லவா? வலைத்தளம், வலைப்பூ...

இது எனக்கும் முழுமையாகத் தீராத ஐயம். ‘பிணைய ஒடுக்கம்’ என்று வைத்தால் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் பிணையம் கணினித் துறையினருக்கு மட்டுமே பழகிய சொல்; பிணை, பிணையாளர் என்று நீதிமன்ற வாடையும் வரும். ‘3ஜி வலையொடுக்கம்’ என்று முன்னால் 3ஜி நிற்கும்போது யாரும் வலைப்பூவை நினைக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கூடவே பிறக்கும் சொற்களையும் பார்த்தேன். அறிவிப்பிலிருந்து அணைப்புவரையிலான ஆண்டுகள் ‘ஒடுக்கக் காலம்’. கடைசி நாள் ‘இறுதி அணைப்பு’. மூடுவிழா என்ற சொல் வேண்டுமானால் அந்த நாளுக்கு மட்டும் இருக்கட்டும். அந்தக் காலத்தில் மிஞ்சியிருக்கும் சிம்களை ‘எஞ்சிய இணைப்புகள்’ என்றே சொல்லிவிடலாம், தனிச்சொல் தேவையில்லை. சொற்றொடரில் வைத்துப் பார்ப்போம்:

‘இந்தியாவில் 2ஜி வலையொடுக்கத்துக்கு அரசு இன்னும் கெடு விதிக்கவில்லை.’

‘ஒடுக்கக் காலத்தில் எஞ்சிய இணைப்புகளைக் கண்டறிவது நிறுவனத்தின் பொறுப்பு.’

இரண்டும் எனக்கு இயல்பாகவே படுகின்றன. முதல் வாக்கியம் வெறும் எடுத்துக்காட்டு அன்று. 2ஜியை வரலாற்றுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று முகேஷ் அம்பானி 2020-லேயே பொதுமேடையில் சொன்னார். 2016-இல் 4ஜியோடு மட்டும் தொடங்கிய அவருடைய ஜியோ நிறுவனத்துக்கு அதைச் சொல்வது எளிது. 2ஜி வாடிக்கையாளர்களைக் கோடிக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு எளிதன்று. இந்த விவாதம் தமிழில் நடக்கும்போது, மோட்டார் அறைப் பெட்டிக்காரரும் அதில் ஒரு தரப்பு என்பது சொல்லிலேயே தெரியவேண்டும் என்று விரும்புகிறேன். ‘நிறுத்தம்’ என்றால் எப்போது என்று மட்டும்தான் கேட்கத் தோன்றும். ‘ஒடுக்கம்’ என்றால் எப்படி, எந்த வட்டாரத்தில் முதலில், யாருக்கு என்ன மாற்று என்ற கேள்விகளுக்கும் இடம் இருக்கிறது.

‘ரீஃபார்மிங்’ (ஒடுங்கிய வலையின் அலைக்கற்றையில் புதிய தலைமுறையை ஏற்றுவது) என்பதற்கு ‘மறுதாம்பு’ என்று இடையில் பரிந்துரைத்த மடலுக்கு ஒரு வரி. அது அழகான சொல், ஆனால் மறுதாம்புக் கரும்பு அதே கட்டையிலிருந்து அதே கரும்பாகத் துளிர்ப்பது. இங்கே நிலம் அதே, பயிர் வேறு. ‘அலைக்கற்றை மறுபயன்பாடு’ போதும் என்று நினைக்கிறேன்; வேண்டுமானால் அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

எனக்கு இன்னும் தீராதது வினைவடிவம். ‘3ஜி வலை ஒடுங்கியது’ சரி. நிறுவனத்தை எழுவாயாக வைக்கும்போது ‘3ஜி வலையை ஒடுக்கியது’ என்றால் ஒடுக்குமுறைப் பொருள் பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. ‘ஒடுங்கச் செய்தது’ நீளமாக இருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் வழி சொல்லுங்கள். சிங்கப்பூரில் 2ஜியை 2017-லும், மலேசியாவில் 3ஜியை 2021 இறுதியிலும் எடுத்துவிட்டார்கள். அங்குள்ள தமிழ் நாளிதழ்களும் வானொலியும் அப்போது என்ன சொல்லைப் பயன்படுத்தின என்று அங்கிருக்கும் நண்பர்கள் தேடிப் பார்த்து எழுதினால் நன்று. ஏற்கெனவே மக்கள் வாயில் ஏறிய நல்ல சொல் ஒன்று அங்கே இருந்தால் என்னுடையதை விட்டுவிட்டு அதையே விக்சனரியில் சேர்க்கலாம்.

அன்புடன்.