தன்னார்வ ஆம்புலன்ஸ்: அந்த 3 நிமிடம் எந்தக் கடிகாரத்தில்?

கரிகாலன்77: "தன்னார்வ ஆம்புலன்ஸ் 3 நிமிடத்தில் வந்துவிடும், அரசு வண்டிக்குக் காத்திருப்பவன் முட்டாள்" என்று நேற்று ஒருவர் அள்ளி விட்டிருந்தார். எல்லாரும் கைதட்டினீர்கள். 3 நிமிடம் எதிலிருந்து? போன் அடித்ததிலிருந்தா, வண்டி நகர்ந்ததிலிருந்தா?

இரவுப்பணி: அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாமே. 11 வருடம் சம்பளமில்லாமல் வண்டி ஓட்டியவன் சொல்கிறேன், 3 நிமிடம் என்றால் 3 நிமிடம்.

கரிகாலன்77: எதிலிருந்து?

இரவுப்பணி: இதயம் நின்றுபோனால், நெஞ்சை அழுத்துவதும் மின்னதிர்ச்சி கொடுப்பதும் தள்ளிப்போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆள் மாற்ற வேண்டும். அடுத்த தெருவில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் பையன் கட்டின துணியோடு பைக்கில் வந்து அதைத் தொடங்கிவிடுவான். ஸ்ட்ரெச்சர் பின்னால் வரும். இங்கே ஒருவர் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

மல்லிகா_செவிலி: அப்படியானால் 3 நிமிடத்தில் வருவது பைக். ஆம்புலன்ஸ் இல்லை.

இரவுப்பணி: வருவது ஆள். ஆள் வந்தால் ஆம்புலன்ஸ் வந்த மாதிரிதான்.

கரிகாலன்77: மணியோசை கேட்டதற்கே யானை வந்துவிட்டது என்கிறீர்கள். சரி, யானை எப்போது வரும்?

தமிழ்ப்பித்தன்: 'அவசர ஊர்தி' என்று அழகான சொல் இருக்கும்போது எதற்கு இத்தனை ஆம்புலன்ஸ்?

இரவுப்பணி: நடுராத்திரியில் ஒருவர் பதற்றத்தில் "ஊர்தி வேண்டும்" என்றார். அவசர ஊர்தியா, அமரர் ஊர்தியா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை ஐயா.

புதுமுகம்: சண்டை வேண்டாமே. 1967இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவைகூடத் தன்னார்வலர்கள் நடத்தியதுதானே?

மல்லிகா_செவிலி: இல்லை தம்பி, அவர்கள் சம்பளம் வாங்கியவர்கள். பயிற்சியும் கடுமை. தன்னார்வத்துக்கு உதாரணம் வேண்டுமானால் 1877இல் தொடங்கிய செயின்ட் ஜான் ஆம்புலன்ஸைச் சொல்லுங்கள்.

இரவுப்பணி: வந்துவிட்டார் வாத்தியாரம்மா. அடிபட்டவரின் கழுத்தை அசையாமல் பிடிக்கும் கழுத்துப்பட்டை பற்றி நான் எழுதியபோதும் இப்படித்தான் நுழைந்து குட்டினீர்கள். மறக்கவில்லை.

மல்லிகா_செவிலி: அளவு தவறிய பட்டையோடு ஆளைக் கொண்டுவந்தால் குட்டத்தான் செய்வேன். இன்னொன்றும் சொல்கிறேன். படிவத்தில் நான்கு கட்டம்: அழைப்பு வந்தது, கிளம்பியது, இடம் சேர்ந்தது, நோயாளியைத் தொட்டது. தன்னார்வலர்கள் கொண்டுவரும் தாளில் முதல் கட்டம் காலியாகவே இருக்கும். கையுறை மேல் பேனாவால் கிறுக்கி வைத்த நேரத்தைப் பார்த்து, என் மேசையில் சாய்ந்துகொண்டு மற்றதை நிரப்புவார்கள். அந்தக் கையுறையைக் குப்பையில் போட்டுவிட்ட நாளில் எல்லாமே உத்தேசம்.

கரிகாலன்77: ஆக, வண்டி நகர்ந்ததிலிருந்து! முகவரி கேட்டது, சாவி தேடியது, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றது, ஸ்ட்ரெச்சர் நுழையாத லிஃப்ட், மூன்று மாடிப் படி, எதுவும் கணக்கில் இல்லை.

இரவுப்பணி: கேட்டைப் பூட்டியது நானா? ஒருநாள் ராத்திரி எங்களோடு வந்து பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் போட்டு மூன்று மாடி ஏறிவிட்டு அப்புறம் எழுதுங்கள். ஏறவே மாட்டீர்கள், தெரியும்.

கரிகாலன்77: வருகிறேன். எப்போது கிளம்பணும்? அழைப்பு வந்ததும் சொல்வீர்களா, வண்டி நகர்ந்ததுமா?

இரவுப்பணி: 3 நிமிடம்தான். இன்று இரவு டியூட்டி, நாளைக்கு விளக்கமாக எழுதுகிறேன்.

தமிழ்ப்பித்தன்: டியூட்டி அல்ல, பணி. உங்கள் பெயரிலேயே இருக்கிறது.