மறு: லீனியரைசேஷன் – நேரியலாக்கம் என்ற ஒரே சொல் போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

> கணிதத்தில் நேரியலாக்கம் என்ற சொல் இருக்கிறது. இயற்பியலுக்குத் தனிச்சொல் எதற்கு?

ஐயா கேட்பது நியாயம்தான். ஆனால் ஏ.பி. இயற்பியல் 1 (அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் பாடம்) மாணவர்களுக்கான தமிழ்க் குறிப்புகளில் சோதனை வினாப் பகுதியை எழுத உட்கார்ந்தால், இந்த ஒரு சொல்லில்தான் விளக்கம் முழுவதும் சிக்கிக்கொள்கிறது.

அந்தப் பாடத்தில் நுண்கணிதம் கிடையாது, இயற்கணிதம் மட்டுமே. வளைகோடாக விழும் அளவீடுகளிலிருந்து ஒரு மாறிலியைப் பிரித்தெடுக்க வேண்டுமானால், அச்சுகளில் எதை வைப்பது என்பதை மாற்றித்தான் ஆகவேண்டும். தனி ஊசலின் நீளத்துக்கு எதிராக அலைவு நேரத்தை வரைந்தால் வளைகோடு வரும். அலைவு நேரத்தின் வர்க்கத்தை வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சாய்வு மீட்டருக்கு ஏறத்தாழ 4.03 வினாடி வர்க்கம். பை வர்க்கத்தின் நான்கு மடங்கான 39.5-ஐ அதனால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8. தேர்வில் விரிவாக எழுதவேண்டிய நான்கு வினாக்களில் ஒன்று, 10 மதிப்பெண்ணுக்கு, இந்தத் திறமையைத்தான் சோதிக்கிறது.

இதில் தோராயம் எங்கும் இல்லை. சமன்பாடு மாறவில்லை, மாறிகளை மட்டுமே வேறு விதமாக எடுத்துக்கொள்கிறோம். கணிதத்தார் நேரியலாக்கம் என்பது வேறு: ஒரு புள்ளிக்கு அருகே வளைகோட்டை விட்டுவிட்டு அதன் தொடுகோட்டை எடுத்துக்கொள்வது. அது தோராயமேதான்.

ஊசலில் இரண்டுமே வருகின்றன என்பதுதான் சிக்கல். சிறு கோணத்தின் சைன் மதிப்பு அந்தக் கோணத்துக்கே சமம் என்று கொள்வது கணிதத்தார் சொல்லும் தோராயம். வர்க்கத்தை வரைவது மாறிகளை மாற்றும் உத்தி. எல்லா நீளங்களிலும் குண்டை 60 பாகையிலிருந்து விட்டுப் பாருங்கள். அவ்வளவு பெரிய கோணத்துக்கு சைன் தோராயம் பொருந்தாது; அலைவு நேரம் சுமார் 7 விழுக்காடு கூடும். ஆனால் வரைபடம் அப்போதும் நேர்கோடாகவே இருக்கும்! சாய்வு மட்டும் சுமார் 15 விழுக்காடு மிகுந்து, முடுக்கம் 8.5 என்று வரும். நேர்கோடு கிடைத்துவிட்டதே, பிழை எப்படி வந்தது என்று மாணவர் திகைப்பார். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு அவருக்கு நாம் என்ன விடை சொல்ல முடியும்?

தோராயத்துக்கு நேரியலாக்கம் அப்படியே இருக்கட்டும். வரைபட உத்திக்கு *நேர்கோட்டாக்கம்* என்று முன்மொழிகிறேன்.

---

அம்மா, 60 பாகை எடுத்துக்காட்டுக்குப் பிறகு என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு சொற்கள் தேவை.

ஆனால் நேர்கோட்டாக்கம் நாக்கில் புரளவில்லை. வினைச்சொல்லாக்கிப் பாருங்கள்: "தரவை நேர்கோட்டாக்குக". பதினாறு வயதுப் பிள்ளை இதைச் சொல்லுமா? "வரைபடத்தை நேராக்கு" என்றால் உடனே புரியும். பெயர்ச்சொல் *நேராக்கம்*. நேரியலாக்கத்திலிருந்து காதுக்கும் எளிதில் பிரிந்து நிற்கிறது.

---

ஐயா, நேராக்கம் எனக்கும் உடன்பாடே. ஒன்று மட்டும்: அளவீட்டுப் புள்ளிகளையே நகர்த்தி நேராக்குவதாக மாணவர் எண்ணிவிடக்கூடாது. ஆகையால் முதல் முறை வரும் இடத்தில் "மாறிகளை மாற்றி நேராக்கல்" என்று முழுதாக எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலிருந்து நேராக்கம் என்று சுருக்கிக்கொள்வோம். ஊசலுக்கு முன்னால், ஓய்விலிருந்து விழும் பொருளின் தொலைவையும் நேர வர்க்கத்தையும் வைத்து ஒரு எளிய பயிற்சி சேர்க்கிறேன். அங்கே சைன் தோராயம் குறுக்கிடாது; நேராக்கம் மட்டும் தனியாகத் தெரியும்.