லேசான பேஸ் ஹெட் வாங்கலாமா? அடி கம்பியைத் தொட்டா சத்தம் நின்னுடுது

அஞ்சுகம்பி:
வணக்கம் நண்பர்களே. நான் அஞ்சு கம்பி பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இத்தனை வருஷமா என்கிட்ட இருந்தது 300 வாட் முழு ட்யூப் ஹெட் (வெற்றிடக் குழாய்ல ஓடுற ஆம்ப்), 35 கிலோவுக்கு மேல கனம். இப்போ இடுப்புப் பக்க முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் விலகி, பத்து கிலோவுக்கு மேல தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கேபினெட்டுக்கு, அதாவது ஸ்பீக்கர் பெட்டிக்கு, சக்கரம் இருக்கு, தள்ளிடுவேன். ஹெட்டை மாத்தியே ஆகணும்.

போன வாரம் ஒரு நண்பர்கிட்ட 500 வாட் கிளாஸ் டி ஹெட் (டிரான்சிஸ்டரை வேகமா திறந்து மூடி ஓட்டுற லேசான வகை) இரவல் வாங்கி ரிகர்சல்ல வச்சுப் பார்த்தேன். கையில எடுத்தப்போ கண் கலங்கிடுச்சு, ஒரு டிபன் கேரியர் கனம்தான் இருந்தது. ஆனா மூணாவது பாட்டுல அடி கம்பியை அழுத்தி வாசிச்சதும் சத்தம் சட்டுனு நின்னு போச்சு. திரும்ப வந்தது, திரும்பப் போச்சு. ஓடுன நேரத்துலயும் டிரம்ஸுக்கு அடியில பேஸ் காணாம போன மாதிரியே இருந்தது. 300 வாட்டுக்கே சுவர் அதிரும், 500 வாட் எங்க போச்சுன்னு புரியல.

அகுயிலார் டோன் ஹேமர் 500, மார்க்பேஸ் லிட்டில் மார்க் 3, மெசா சப்வே டி-800, இந்த மூணுல ஒண்ணு எடுக்கலாம்னு இருந்தேன். இப்போ பயமா இருக்கு. லேசான ஹெட்டே இப்படித்தானா?

எட்டு_ஓம்:
வாங்குறதுக்கு முன்னாடி அந்த ரிகர்சல்ல என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சுடுவோம். இல்லேன்னா மூணுல எதை எடுத்தாலும் இதே கதை திரும்ப நடக்கும். சத்தம் நின்னா எத்தனை நேரத்துல திரும்பி வந்தது? கேபினெட் எத்தனை ஓம் (கரண்டுக்கு அது காட்டுற தடை), ஒண்ணா ரெண்டா? ஈக்யூ, அதாவது சத்தத்தைச் சரிபண்ற நாபெல்லாம், எங்க இருந்தது? ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவுல போட்ட கேபிள் என்ன?

அஞ்சுகம்பி:
ரெண்டு மூணு செகண்டுல வந்துடுச்சு. ஒரே ஒரு 2×10 கேபினெட் (ரெண்டு 10 இன்ச் ஸ்பீக்கர்), 8 ஓம். சத்தம் மெலிஞ்சு தெரிஞ்சதால அடிச் சத்தத்துக்கான பேஸ் நாபை முக்கால்வாசிக்கு மேல ஏத்தி, நடுச் சத்தத்துக்கான மிட்டைக் கொஞ்சம் இறக்கிட்டேன். கேபிள், பையில இருந்த ஒரு ஜாக் கேபிள்.

எட்டு_ஓம்:
ரெண்டு மூணு செகண்டுல திரும்புச்சுன்னா அது சூடு இல்லை. சூட்டால நின்னா ஆறுறதுக்கு நிமிஷக்கணக்குல ஆகும். இது கரண்ட் எல்லை மீறினதால ஹெட் தன்னைக் காப்பாத்திக்க நிறுத்திக்கிற புரொடெக்‌ஷன் விழுந்த மாதிரிதான் தெரியுது.

இப்போ கணக்கைப் பாருங்க. 500 வாட்னு பெட்டியில போட்டிருக்கிறது 4 ஓமுக்கு. 8 ஓம் கேபினெட் ஒண்ணை மட்டும் மாட்டினா பாதி, ஏறக்குறைய 250 வாட்தான் கிடைக்கும். உங்க பழைய ட்யூப் ஹெட்ல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. ஓமுக்கு ஏத்த இடத்துல செலக்டரைத் திருப்பினா முழு 300 வாட்டும் போகும். ஆக நீங்க ஒப்பிட்டது 300-ஐயும் 500-ஐயும் இல்லை, 300-ஐயும் 250-ஐயும்.

அதை விடப் பெரிய விஷயம் அந்த பேஸ் நாப். 10 டெசிபல் ஏத்தினா அந்த இடத்துல பத்து மடங்கு வாட் வேணும், 12 டெசிபல்னா பதினாறு மடங்கு. சாதாரணமா 25 வாட்ல ஓடிட்டிருந்த அடிச் சத்தம் 10 டெசிபல் ஏத்தினதும் 250 வாட் கேக்குது. அங்கேயே ஹெட் முடிஞ்சு போச்சு. இத்தனைக்கும் அஞ்சாவது கம்பியோட அடிப்படை அதிர்வு 31 ஹெர்ட்ஸ். 2×10 கேபினெட் அந்த இடத்துல பெருசா ஒண்ணும் ஒலிக்காது, கோன் மட்டும் முன்னயும் பின்னயும் ஓடும். கரண்ட் போகுது, காதுக்கு வரல. நம்ம காதுக்கு அந்தச் சுரத்தை அடையாளம் காட்டுறது அதுக்கு மேல இருக்கிற 62, 93, 124 ஹெர்ட்ஸ் இழைகள், அதாவது அடிப்படை அதிர்வோட மடங்குகள்தான். டிரம்ஸுக்கு நடுவுல பேஸைத் தூக்கி நிறுத்துறது இன்னும் மேல, 200-லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கிற மிட். அதைத்தான் நீங்க இறக்கி வச்சிருக்கீங்க.

பழைய_ட்யூப்:
கணக்கு சரி. ஆனா ட்யூப்ல வாசிச்சுப் பழகின கைக்கு இன்னொண்ணு இருக்கு, அதையும் சொல்லணும். ட்யூப் ஹெட் எல்லையைத் தொடும்போது சட்டுனு நிக்காது. மெதுவா அமுங்கி, மேல் இழைகளைச் சேர்த்து, சத்தத்தைத் தடிமனாக்கும். 300 வாட்டைத் தாண்டியும் காதுக்கு இனிமையாவே இருக்கும், அதனால நாம அந்த எல்லைக்கு மேலேயே நின்னு வாசிச்சுப் பழகிட்டோம். கிளாஸ் டி கடைசி வரைக்கும் சுத்தமா போய், எல்லையில லிமிட்டர்ங்கிற கட்டுப்பாட்டு சர்க்யூட் பிடிச்சு நிறுத்திடும். விரல் எதிர்பார்க்கிற அந்த மெத்தை இல்லேன்னுதான் ‘சத்தத்துல கனம் இல்லை’ன்னு நமக்குத் தோணுது.

இதுக்கு கிளாஸ் டி மேல பழி போட வேண்டாம். ஹெட்டோட எடை குறைஞ்சது இப்படித்தான். 50 ஹெர்ட்ஸ் கரண்டை அப்படியே மாத்தணும்னா பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வேணும். லேசான ஹெட்ல மின்சாரத்தைப் பல்லாயிரம் ஹெர்ட்ஸுக்கு வெட்டி மாத்துறதால உள்ளங்கை அளவு டிரான்ஸ்ஃபார்மர் போதும். அவுட்புட் டிரான்சிஸ்டரும் முழுசா திறந்து முழுசா மூடுறதால 90 சதவீதத்துக்குப் பக்கமா திறன் கிடைக்குது, பெரிய ஹீட் சிங்க்கும் தேவையில்லை. சத்தத்தோட குணம் எல்லாம் முன்னாடி இருக்கிற ப்ரீஆம்ப்லதான் (நாபெல்லாம் இருக்கிற முதல் பகுதி) இருக்கு. அதனால மூணையும் ப்ரீஆம்பை வச்சு எடை போடுங்க.

லிட்டில் மார்க் 3 சுத்தமா, வேகமா பதில் சொல்லும். அதுல விபிஎஃப்னு ஒரு நாப், திருப்பினா மிட்டைக் குடைஞ்சு எடுத்துடும். உங்க நிலைமைக்கு அதைப் பூஜ்யத்துலயே விடுங்க. டோன் ஹேமர்ல டிரைவ் நாப் இருக்கு, ஏத்த ஏத்த மேல் சத்தம் மழுங்கி, ட்யூப் பக்கமா நகரும். மிட்டையும் 180-லிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் எந்த இடத்துலன்னு தேர்ந்தெடுக்கலாம். கனமும் 1.8 கிலோதான். டி-800 2.5 கிலோ, 4 ஓம்லயும் 2 ஓம்லயும் 800 வாட், பின்னாடி அதுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. மத்த ரெண்டையும் 4 ஓமுக்குக் கீழ கொண்டு போகாதீங்க.

மேடைக்கரண்ட்:
யாரும் கேபிளைப் பத்திப் பேசல. ‘பையில இருந்த ஜாக் கேபிள்’னு படிச்சதும் எனக்குப் பதறுது. பிளக்கைத் திருகித் திறந்து பாருங்க அண்ணா. உள்ள ஒரு மெல்லிய கம்பியும் அதைச் சுத்திப் பின்னல் வலையும் இருந்தா அது கிட்டார் கேபிள். நூத்துக்கணக்கான வாட்டை அதுல அனுப்பினா கம்பி சூடாகும், இன்சுலேஷன் இளகும், உள்ளயே ஷார்ட் ஆகும். ஸ்பீக்கர் கேபிள்ல ஒரே தடிமனா ரெண்டு கம்பி இருக்கும், ஒவ்வொண்ணும் 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நான் 2.5 தான் போடுவேன், ரெண்டு முனையிலயும் ஸ்பீக்கான் (ஸ்பீக்கருக்குன்னே இருக்கிற, திருகிப் பூட்டுற பிளக்).

இன்னொண்ணு, தயவுசெஞ்சு மனசுல வச்சுக்கோங்க. நிறைய கிளாஸ் டி ஹெட்ல ஸ்பீக்கர் அவுட்டோட ரெண்டு முனையிலயும் சிக்னல் இருக்கும், மைனஸ்னு இருக்கிறது கிரவுண்ட் கிடையாது. அதை ஒரு இரும்புப் பெட்டியிலயோ மிக்சர் கிரவுண்டுலயோ தொட விட்டா ஹெட் போயிடும். மிக்சருக்குப் போகணும்னா ஹெட்ல இருக்கிற டிஐ அவுட்டை (மிக்சருக்குன்னே இருக்கிற லைன்) மட்டும் எடுங்க.

எனக்கு இந்த ஹெட்கள் மேல ஒரு வருத்தம் உண்டு. பழைய ஹெட் கெட்டா ஒரு பாகத்தைக் கழட்டி மாத்திடுவேன். இதுல பெரும்பாலும் போர்டையே மாத்தணும். அதனால பையில ஒரு டிஐ பெடல் போட்டு வச்சிருங்க, நடு நிகழ்ச்சியில ஹெட் நின்னா நேரா மிக்சருக்குப் போயிடலாம்.

அஞ்சுகம்பி:
திறந்து பார்த்தேன். கிட்டார் கேபிள்தான். நடுக்கம்பியைச் சுத்தி இருந்த இன்சுலேஷன் பிளக் பக்கத்துல பழுப்பாகிப் போயிருந்தது. இரவல் கொடுத்தவரோட ஹெட்டுக்கு ஒண்ணும் ஆகாம இருந்ததே பெருசு, அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லிட்டேன்.

ஸ்பீக்கான் கேபிள் போட்டு, எல்லா நாபையும் நடுவுல வச்சு அதே ஹெட்டைத் திரும்ப ஓட்டினேன். ஒரு தடவை கூட நிக்கல. அப்புறம் 400 ஹெர்ட்ஸ் பக்கம் மிட்டைக் கொஞ்சம் ஏத்தினேன். தனியா கேட்டப்போ மூக்கடைச்ச மாதிரி இருந்தது, எனக்குப் பிடிக்கவே இல்லை. டிரம்ஸ் சேர்ந்ததும் ஒவ்வொரு சுரமும் தெளிவா வந்து நின்னது. இத்தனை வருஷமா தனியா வாசிச்சு நாபைத் திருப்பிட்டு இருந்திருக்கேன். சத்தத்தோட அளவு மட்டும் இன்னும் கொஞ்சம் வேணும்.

எட்டு_ஓம்:
அதுக்கு ஹெட்டை மாத்தாதீங்க, அதே மாதிரி இன்னொரு 8 ஓம் கேபினெட் சேருங்க. ரெண்டும் சேர்ந்தா 4 ஓம். வாட் இரட்டிப்பாகி 3 டெசிபல், கோன் பரப்பு இரட்டிப்பாகி அடிச் சத்தத்துல இன்னொரு 3. ஒரே கேபினெட்ல இதே அளவு கேக்கணும்னா 250-க்குப் பதிலா 1000 வாட் வேணும், அந்தக் கேபினெட்டும் தாங்காது.

அஞ்சுகம்பி:
முடிவு பண்ணிட்டேன். டோன் ஹேமரையும் லிட்டில் மார்க்கையும் ரிகர்சல்ல, முழு பேண்டோட வச்சுப் பார்த்தேன். லிட்டில் மார்க்ல ஒவ்வொரு விரலும் தனியா கேட்டது, வேகமா வாசிக்கிறவங்களுக்கு அது வரம். எனக்கு டோன் ஹேமரோட டிரைவை மூணுல ஒரு பங்கு ஏத்தினதும் பழைய சத்தத்தோட சாயல் வந்துடுச்சு, அதையே எடுத்துட்டேன். மூணாவது கேபினெட் நான் சேர்க்கப் போறதில்லை, அதனால டி-800-ஓட 2 ஓம் எனக்குத் தேவைப்படல. ரெண்டாவது கேபினெட்டும் சக்கரத்தோடதான்.

ஒரே ஒரு பிரச்சினை, ஹெட் அவ்வளவு லேசா இருக்கிறதால அதிர்வுல கேபினெட் மேல நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துடுது.

மேடைக்கரண்ட்:
அடியில ஒரு ரப்பர் விரிப்பு போடுங்க அண்ணா, ஆனா காத்து போற துளையை மூடிடாதீங்க. ஸ்பீக்கர் கேபிளைக் கேபினெட் கைப்பிடிக்குள்ள ஒரு சுத்து விட்டு மாட்டினா, யாராவது தடுக்கி இழுத்தாலும் ஹெட் கீழ வராது.