எம்டன் கப்பல் கேப்டன் கடைசில என்ன ஆனார்?

பாண்டிபஜார்_பாலு:
எங்க பாட்டி என்னைத் திட்டறப்பல்லாம் "சரியான எம்டன்டா நீ"ம்பாங்க. நேத்து ஹைகோர்ட் பக்கம் போனப்ப காம்பவுண்டு சுவத்துல எம்டன் குண்டு விழுந்த இடம்னு கல்வெட்டு பார்த்தேன், அப்பதான் தோணுச்சு, முதல் உலகப்போர்ல மெட்ராஸ் மேல குண்டு போட்ட அந்த ஜெர்மன் கப்பலை ஓட்டினவர் யாரு, அப்புறம் என்ன ஆனார்? சுதந்திரப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளைதான் கூட வந்து குண்டு போட்டார்ங்கறாங்களே, நெஜமா?

கடல்காக்கா:
கேப்டன் பேரு கார்ல் ஃபான் முல்லர், 1873ல ஹானோவர்ல பொறந்தவர். செண்பகராமன் கதையை விட்ருங்க பாஸ், 1914ல அவர் ஜூரிச்சுல இருந்தார், அங்கிருந்து பெர்லின் போனார், வங்காள விரிகுடாவுக்கு எங்க வர்றது!

முல்லர் செஞ்ச வேலை என்னன்னா, எம்டனுக்கு மூணு புகைபோக்கி, இவர் கட்டையும் கான்வாஸும் வச்சு நாலாவதா ஒண்ணு டம்மி கட்டிட்டார், தூரத்துல பார்த்தா பிரிட்டிஷ் கப்பல் மாதிரியே இருக்கும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ்ல விளக்கெல்லாம் ஜெகஜோதியா எரியுது, வந்தார், பர்மா ஆயில் டாங்கைக் கொளுத்தினார், அரை மணி நேரத்துல கிளம்பிட்டார். அக்டோபர் 28 பினாங்குலயும் அதே டம்மியோட உள்ள புகுந்து ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடிச்சார்.

பாண்டிபஜார்_பாலு:
அடேங்கப்பா. அப்ப எப்படி மாட்டினார்?

கடல்காக்கா:
அதே டம்மிதான் காட்டிக் கொடுத்துச்சு. நவம்பர் 9 இந்தியப் பெருங்கடல்ல இருக்கற கோகோஸ் தீவுல தந்தி ஸ்டேஷனை உடைக்கப் போனார், அங்க இருந்தவங்க அந்த நாலாவது புகைபோக்கி வெறும் துணின்னு கண்டுபிடிச்சு உடனே சேதி அனுப்பிட்டாங்க. பக்கத்துல போய்ட்டிருந்த ஆஸ்திரேலியாவோட போர்க்கப்பல் சிட்னி வந்துருச்சு, அது 6 இன்ச் பீரங்கி, இவர்கிட்ட 4 இன்ச் சொச்சம், ஈடு குடுக்க முடியல. கப்பல் முழுகிடக்கூடாதுன்னு வடக்கு கீலிங் தீவுப் பாறைல கொண்டுபோய் ஏத்திட்டார். 130 பேருக்கு மேல செத்தாங்க.

மீனா_மயிலாப்பூர்:
எனக்கு அதுக்கப்புறம் நடந்ததுதான் பிடிக்கும். மால்டால கைதி, அப்புறம் இங்கிலாந்து, அங்க 1917ல சுரங்கம் தோண்டி இருபது சொச்சம் பேரோட தப்பிச்சார், திரும்பப் பிடிச்சுட்டாங்க 😄 ஆனா சின்ன வயசுலயே ஆப்பிரிக்கா டியூட்டில வந்த மலேரியா அவரை விடவே இல்ல. 1919ல ரிட்டயர்டு, 1923ல 49 வயசுல போய்ட்டார். புக் எழுதச் சொன்னதுக்கு மாட்டேன்னுட்டாராம், கூட இருந்தவங்க ரத்தத்துல காசு பாக்கற மாதிரி இருக்கும்னு. போர்ல அவர் மடக்கிப் பிடிச்ச கப்பல்ல பொம்பளைங்க குழந்தைங்க இருந்தா அந்தக் கப்பலையே விட்டுருவார், கபிங்காவை அப்படித்தான் விட்டார். மெட்ராஸ்லயும் ஆள் செத்தாங்க, அதையும் மறக்க வேணாம்.

பாண்டிபஜார்_பாலு:
பாட்டிகிட்ட படிச்சுக் காட்டினேன். "இவ்ளோ நல்லவனா, அப்ப உன்னை இனிமே எம்டன்னு சொல்ல மாட்டேன்"ங்கறாங்க.