கொடி போர்த்தி வந்த நம் ஊர்ப் பையன்கள்: நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

டெல்டாக்காரன்:

எங்கள் பக்கத்து ஊரில் பொங்கலை ஒட்டி வருடா வருடம் கபடிப் போட்டி நடக்கும். கார்கிலில் இறந்துபோன அந்த ஊர்ப் பையன் பெயரில் நினைவுக் கோப்பை. அவனும் நல்ல ஆட்டக்காரன். அவனோடு சேர்ந்து ஆடியவர்களுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. ஆனாலும் கோட்டுக்கு மண் அடிப்பதிலிருந்து மைக் செட் பேசுவதுவரை அவர்கள்தான் செய்கிறார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அவன் அம்மாவுக்குச் சால்வை போர்த்துவார்கள். அவர் மேடையில் உட்கார மாட்டார். கோட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "போனஸ் கோட்டைத் தொடுடா, என்னடா நிக்கிற" என்று சத்தம் போடுவார். வெளியூர் டீம் பையன்கள் சிரித்துவிட்டு, யார் இந்தப் பாட்டி என்று விசாரிப்பார்கள். அப்போது அவன் கதை இன்னொரு தடவை சொல்லப்படும்.

அதே ஊரில் பஸ் ஸ்டாப் பக்கத்தில் அவனுக்கு மார்பளவுச் சிலையும் உண்டு. அதை வருடம் முழுக்கக் காதுகுத்து, கல்யாண ஃப்ளெக்ஸ்கள் மறைத்திருக்கும். கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 வந்தால் ஃப்ளெக்ஸை அவிழ்த்து மாலை போடுவார்கள். எனக்கென்னவோ சிலையைவிடக் கோப்பைதான் அவனுக்குச் செய்த மரியாதை என்று தோன்றுகிறது. உங்கள் ஊரில் என்ன செய்தார்கள்?

மலைக்கோட்டை:

திருச்சிக்காரர்களுக்கு இந்தப் பேச்சு என்றால் மேஜர் சரவணன்தான். பீகார் ரெஜிமென்ட், முதலாம் படைப்பிரிவு. 1999 மே 29, கார்கில் போரில் பட்டாலிக் மலைப்பகுதியில் இறந்தார். வயது 26. இறந்த இடம் எதிரியின் கையில் இருந்ததால் உடல் ஒரு மாதத்துக்கும் மேல் மலை உச்சியிலேயே கிடந்தது. மீட்டுக் கொண்டுவர முடியவில்லை. அந்த நாட்களில் எங்கள் தெருவில் பேப்பர் வந்ததும் முதலில் அந்தச் செய்தியைத்தான் தேடுவோம். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். ஜூலையில் உடல் வந்தபோது ஊரே ரோட்டில் நின்றது. அவருக்கு வீர் சக்ரா கொடுத்தார்கள். கண்டோன்மென்ட்டில் நினைவுத்தூண் இருக்கிறது, மே 29 அன்று மலர்வளையம் வைப்பார்கள். இன்றைக்குப் பக்கத்தில் பஸ் ஏறும் காலேஜ் பிள்ளைகளிடம் கேட்டால் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. அதற்காக அவர்களைத் திட்டிப் பயனில்லை. நாம்தான் சொல்லவில்லை.

21 குண்டுகள் முழங்க அடக்கம் செய்ததாக எல்லாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன்.

முன்னாள் சுபேதார்:

தம்பி, ஒரு சின்னத் திருத்தம். 21 என்பது குடியரசு நாளில் குடியரசுத் தலைவருக்குப் பீரங்கியில் கொடுக்கும் மரியாதை. சிப்பாயின் சிதைக்கு முன்னால் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுடுவோம், அதுவும் வெற்றுத் தோட்டா. அதற்கு முன்னால் 'ஷோக் சஸ்த்ர' என்று கமாண்ட் வரும். துப்பாக்கி முனையைத் தரையை நோக்கித் திருப்பித் தலை குனிந்து நிற்க வேண்டும். பிறகு பியூகிளில் லாஸ்ட் போஸ்ட், இறந்தவருக்கு வாசிக்கும் இறுதி மரியாதை இசை. கொடியைச் சிதையில் வைக்கவே கூடாது, மடித்து மனைவியிடமோ தாயிடமோ கொடுத்துவிட வேண்டும்.

நான் மெட்ராஸ் ரெஜிமென்ட். பெட்டியோடு ஊருக்குப் போகும் எஸ்கார்ட் டூட்டி பார்த்திருக்கிறேன். சண்டையில் நிற்பதே மேல். வெலிங்டனில் எங்கள் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று தொண்டை கிழியக் கத்தப் பழக்கினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு முன்னால் என்ன பேசுவது என்று யாரும் பழக்கவில்லை.

தென்மாவட்டத்தில் ஒரு கிராமம். பையனுக்கு 23 வயது, கல்யாணம் ஆகவில்லை. உடல் இருந்த நிலையில் பெட்டியைத் திறக்கக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. வண்டி தெருமுனைக்கு வரும்போதே பெண்கள் மாரடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அந்த அம்மா மட்டும் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, முகத்த ஒரு தடவ காட்டிருங்க, நான் அழ மாட்டேன்" என்றார். கலெக்டர் நிற்கிறார், எம்.எல்.ஏ. நிற்கிறார், எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். முடியாதும்மா என்று சொல்ல வேண்டியது நான்.

சாமான் பையிலிருந்து அவன் தொப்பியை எடுத்துக் கொடுத்தேன். உள்பட்டையில் பேனாவால் அவன் பட்டாள நம்பர் எழுதியிருந்தது. கடைசி இரண்டு எண்கள் வியர்வையில் கலங்கியிருந்தன. அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "இது அவன் எழுதினதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த இடத்தை விரலால் தடவிவிட்டு, தொப்பியை முந்தானைக்குள் செருகிக்கொண்டார். கொடியை மடித்து மரியாதையாகக் கொடுத்தபோது வாங்கிப் பக்கத்தில் இருந்த மூத்த மகனிடம் நீட்டிவிட்டார். தொப்பியை மட்டும் விடவில்லை.

ஃப்ளெக்ஸ் பற்றி டெல்டாக்காரர் எழுதியது சத்தியம். அந்த ஊர்வலத்தில் ஒரு பேனரில் வீரவணக்கம் என்று போட்டு, கும்பிடுகிறவர் படம் ஆள் உயரத்துக்கும் பையன் படம் தபால்தலை அளவுக்கும் இருந்தது.

தாமிரபரணி:

இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்குப் பெட்டியே வரவில்லை.

என் சித்தப்பா 1987 கடைசியில் யாழ்ப்பாணத்தில் இறந்தார். இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையில் இருந்தார், அங்கே புலிகளோடு சண்டை. எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது, பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான். முதலில் தந்தி வந்திருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து ஒரு கறுப்புத் தகர டிரங்க், மேலே வெள்ளை பெயிண்டில் நம்பரும் பெயரும். உள்ளே இரண்டு செட் யூனிஃபார்ம், ஷேவிங் செட், ஒரு மஃப்ளர், ஆச்சிக்கு எழுத ஆரம்பித்து மூன்று வரியோடு நின்றுபோன இன்லண்ட் லெட்டர். மாடு கன்று போட்டதா என்பது மூன்றாவது வரி.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லையாம். பாகிஸ்தான் சண்டையில் இறந்திருந்தால் ஊர் என்ன பேசும் என்று எல்லாருக்கும் தெரியும். இது அப்படி இல்லை. எங்கள் ஊர்ச் சுவரெல்லாம் ஈழத்துக்கு ஆதரவாக எழுதியிருந்த காலம். திண்ணையில் உட்கார்ந்து ஒருவர், "அங்க இருக்கறதும் நம்ம சனந்தானே" என்று தாத்தாவிடமே கேட்டுவிட்டார். தாத்தா பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் திண்ணைக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று அப்பா சொல்வார். 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது அன்றைய முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அந்தச் செய்தி வந்த பேப்பரை அப்பா இன்னும் வைத்திருக்கிறார்.

யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. அந்த ஊரில் செத்த ஜனங்களின் துக்கம் எங்கள் துக்கத்தைவிடப் பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனால் சித்தப்பாவுக்கு 24 வயது. போ என்ற இடத்துக்குப் போனவர்.

1999-இல் டி.வி.யில் தினமும் கார்கில் பெட்டிகளைக் காட்டினார்களே, ஆச்சி நகராமல் உட்கார்ந்து பார்ப்பாள். பூவைப் பார்ப்பாள், கொடியைப் பார்ப்பாள். ஒருநாள், "இவ்வளவு செய்வாங்களாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

முன்னாள் சுபேதார்:

அம்மா, 1965, 71 சண்டைகளிலும் பெரும்பாலும் அப்படித்தான். சண்டை நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எரியூட்டிவிடுவார்கள், வீட்டுக்குத் தந்தியும் டிரங்கும்தான் போகும். பெருமளவில் பெட்டிகள் ஊர் ஊராக வந்தது கார்கிலில்தான், டி.வி.யும் கூடவே வந்தது.

ஆனால் உங்கள் சித்தப்பா போனது சின்னச் சண்டை இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு நாட்டின் மிக உயர்ந்த போர் விருதான பரம வீர சக்கரம் கிடைத்தது அந்தப் போரில்தான், 1987 நவம்பர் 25-இல் இறந்தார். சென்னை சாலிகிராமத்தில் ராணுவக் குடும்பங்களின் குடியிருப்பு ஒன்றே அவர் பெயரில் இருக்கிறது. டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் அமைதிப்படையில் இறந்தவர்களின் பெயர்களும் கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். தினமும் மாலையில் ஒரு வீரரின் குடும்பத்தாரை அழைத்து அங்கே மலர்வளையம் வைக்கச் சொல்கிறார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், சித்தப்பா நம்பரைக் கொண்டு போங்கள்.

ராணுவப்பேட்டை:

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளம். நான் சொல்ல வந்தது வேறு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் வெள்ளைக்காரன் வைத்த கல் ஒன்று இருக்கும். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-ல் தொடங்கிய பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எண்ணிக்கை மட்டும்தான், பெயர் இருக்காது. அவர்கள் பேரன்மாருக்கே இன்று யாரென்று தெரியாது. அதனால் செலவில்லாமல் செய்யக்கூடியது எதுவானாலும் சரி, முதலில் பெயரை எழுதி வையுங்கள்.

தாமிரபரணி:

கொழும்பில் வேலை பார்க்கும் என் மாமா மகன், அங்கே பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் அமைதிப்படைக்கு இருக்கும் நினைவிடத்துக்குப் போய் சித்தப்பா பெயரைத் தேடிப் படம் எடுத்து அனுப்பினான். ஆச்சி இருந்தவரை அது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

சித்தப்பா படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு கல் பதிக்கத் தலைமை ஆசிரியர் சரி என்று சொல்லிவிட்டார். பத்தாம் வகுப்பில் கணக்கில் முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்கு அவர் பெயரில் பரிசும் உண்டு. இப்போது வீட்டில் சண்டை, கல்லில் என்ன எழுதுவது என்று. வருடத்தை மட்டும் போட்டால் போதும், எதற்கு வம்பு என்கிறார் அப்பா. எனக்கு அவர் இறந்த ஊர் பெயரையும் போட வேண்டும்.

முன்னாள் சுபேதார்:

யாழ்ப்பாணம் என்றே போடுங்கம்மா. முதலில் நம்பர், அப்புறம் ரேங்க், பெயர், கீழே ரெஜிமென்ட், அதற்கும் கீழே இடமும் தேதியும். அந்த வரிசையில்தான் எழுதுவோம். கல் பதிக்கும் தேதியைச் சொல்லுங்கள், சங்கத்திலிருந்து நாலு பேரையாவது கூட்டிக்கொண்டு வருகிறேன். பியூகிள் வாசிக்கிறவர் கோவில்பட்டியில் இருக்கிறார்.