நாற்பது நாற்காலி, ஐந்து குடும்பம்: மலேசியச் சங்க வேலையில் சேதி போய்ச் சேராத அனுபவங்கள்

சுங்கை சிப்புட், முன்னாள் செயலாளர்:

ஆறு வருடம் ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்தேன். சங்கத்தின் பெயர் வேண்டாம். தலைவரை இன்றும் மளிகைக் கடையில் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டோம். தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் இந்தச் சிக்கல் எப்படி வருகிறது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கோயிலில் தாலி கட்டியிருப்பார்கள், பதிவு செய்திருக்க மாட்டார்கள். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்ததிலிருந்து முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிந்தே ஆகவேண்டும். பதியாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை அம்மாவைப் பார்த்துத்தான். அம்மாவுக்குக் குடியுரிமை இல்லை என்றால் அங்கேயே முட்டிக்கொள்ளும். பிறந்த 60 நாளுக்குள் பதியாமல் விட்டால் தாமதப் பதிவு, அதற்கு விசாரணை வேறு.

பேனர் நன்றாகத்தான் வந்தது. "தொடர்புடைய ஆவணங்களின் அசலையும் நகலையும் உடன் கொண்டு வரவும்" என்று நானே எழுதினேன். மூன்று புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் போட்டோம். கட்டைவிரல் வரிசையாக விழுந்தது. விரல் காட்டிய அத்தனை பேரிடமும் பிறப்புப் பத்திரம் இருக்கிறது, அதை அப்போது யோசிக்கவில்லை.

மண்டபத்தில் நாற்பது நாற்காலி. வந்தது ஐந்து குடும்பம்.

அதில் ஒரு பாட்டி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மடியில் ஒரு பழைய பிஸ்கட் டின். மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்: அவருடைய ஐ.சி. (அடையாள அட்டை), தாத்தாவின் இறப்புப் பத்திரம், பையனின் கிளினிக் புத்தகம், மின்சார பில், எந்தக் காலத்துத் தோட்டச் சம்பளச் சீட்டோ ஒன்று. "தொடர்புடையதுன்னா எதுன்னு தெரியலப்பா, எல்லாத்தையும் எடுத்தாந்துட்டேன்" என்றார். தேவைப்பட்டது பையனின் அம்மா. அந்தப் பெண் ஜொகூரில் தொழிற்சாலை வேலையில் இருந்தாள். "அவ நேர்ல வரணும்னு ஒருத்தரும் சொல்லலையே" என்று பாட்டி கேட்டபோது நான் நகல் எடுக்கும் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாம் முறை பேனரே அடிக்கவில்லை. விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போனோம். மண்டோர் (வேலை மேற்பார்ப்பவர்) எங்களுக்காக ரெண்டே வரி பேசினார். "கல்யாணப் பதிவு இல்லாட்டியும் வாங்க, யாரும் புடிச்சிட்டுப் போகமாட்டாங்க. புள்ளையோட அம்மா கண்டிப்பா வரணும்." முதல் முறை ஏன் வரவில்லை என்பது அந்த முதல் வரியில் இருந்தது. பயமும் வெட்கமும். அதை எங்கள் செயலவைக் கூட்டம் ஒன்றில்கூட யாரும் பேசியதில்லை. அந்த ஞாயிறு, கொண்டுபோன மனுப் படிவங்கள் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டன.

உங்கள் சங்கங்களில் எப்படி? சொல்லுங்கள்.

பொருளாளர், பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி):

அண்ணே, முதல் முகாமுக்கு என்ன அறிக்கை எழுதினீர்கள் என்று சொல்லாமல் நழுவிவிட்டீர்களே. "சிறப்பாக நடந்தேறியது" என்றுதானே? நானும் அப்படி எழுதியவன்தான். ஐந்து குடும்பத்தை எட்டுக் கோணத்தில் படம் பிடித்தால் கூட்டம் மாதிரித் தெரியும்.

எங்களிடம் மேலே போகும் தாள் எல்லாம் ஒழுங்கு. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவகமான ஆர்.ஓ.எஸ்.க்குக் கணக்கு அனுப்ப வேண்டும், ஒரு வருடமும் தவறியதில்லை. ஆனால் டியூஷன் வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றியதை வேன் ஓட்டுநரிடம் சொல்ல மறந்தோம். மூன்று வாரம் ஆசிரியை வெறும் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் ஆர்வமில்லாமல் நின்றுவிட்டார்கள் என்று கூட்டக் குறிப்பில் எழுதினோம். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஓர் அக்கா, தையல் வகுப்பு நடத்தியவர்:

எல்லாப் பழியையும் சேதி போய்ச் சேராததன் மேல் போடாதீர்கள் தம்பி. எங்களுக்கு மானியம் அக்டோபரில் கைக்கு வந்தது, டிசம்பருக்குள் முடித்துக் கணக்கு காட்டச் சொன்னார்கள். இடையில் தீபாவளி. எந்தப் பெண் அந்த மாதத்தில் வகுப்புக்கு வருவாள்? தீபாவளித் துணி தைத்துக் கொடுக்க ஆள் கேட்டிருந்தால் வந்திருப்பார்கள்! இதைக் கொடுத்தவர்களிடம் சொல்லியிருக்கலாம்தான். அடுத்த வருடம் தரமாட்டார்களோ என்று வாயைத் திறக்கவில்லை.

சரி, அந்தப் பிஸ்கட் டின் பாட்டி என்ன ஆனார்?

சுங்கை சிப்புட், முன்னாள் செயலாளர்:

அக்கா சொல்வதும் உண்மை, அந்தப் பயம் எங்களுக்கும் இருந்தது. அறிக்கை விஷயத்தில் பொருளாளர் சரியாகப் பிடித்துவிட்டார். "நடந்தேறியது"கூட இல்லை, "வெற்றிகரமாக" என்றே எழுதினேன்.

பாட்டியின் மகள் தீபாவளிக்கு லீவு போட்டு வந்தாள். மனு கொடுத்தாயிற்று, இன்னும் பதில் வரவில்லை. பையனுக்கு இப்போது ஒன்பது வயது. மனு கொடுத்த ரசீதையும் பாட்டி அதே டின்னில்தான் வைத்திருக்கிறார்.